மலைக்கு ஆள் வருவதில்லை என்கிறீர்கள், நாங்கள் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறோம்

நீலகிரியில் செவிலியர் நியமனத்தைப் பார்க்கிற அதிகாரிகளுக்கு, வட்டார அளவில் இருப்பவர்களிலிருந்து சென்னையில் கோப்பைக் கையெழுத்திடுபவர்கள் வரை எல்லோருக்கும், வணக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி ஏன் சிஸ்டர் இல்லை என்று எஸ்டேட் ஜனங்கள் போய்க் கேட்டாலும் சரி, கிராம சபையில் யாராவது எழுந்து கேட்டாலும் சரி, ஒரே பதில்தான் வருகிறது. மலைக்கு ஆள் வரமாட்டேன் என்கிறார்கள், போட்டாலும் மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இந்தப் பதிலில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பி.எஸ்சி. நர்சிங் படித்துப் பதிவு பெற்ற செவிலியர். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தேன். வீட்டுக்காரருக்கு இங்கே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை என்பதால் குடும்பத்தோடு பந்தலூர் வட்டத்துக்கு வந்துவிட்டோம். கீழே இறங்குகிற எண்ணம் எங்களுக்கு இல்லை. பிள்ளை இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறது.

என்னை மாதிரி இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். வாத்தியார் வேலைக்கும் வனத்துறை வேலைக்கும் வந்தவர்களின் மனைவிமார் இருக்கிறார்கள். சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களின் பேத்திகள் இருக்கிறார்கள், கடன் வாங்கிக் கோயம்புத்தூரில் நர்சிங் முடித்துவிட்டு, அப்பா அம்மாவைப் பார்க்க ஆளில்லை என்று லைன் வீட்டுக்கே திரும்பி வந்தவர்கள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர்கள், இப்போது குழந்தை வளர்ந்துவிட்டது, திரும்பப் போக வழி தெரியாமல் இருக்கிறார்கள். சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி, தேவாலா என்று எந்த ஊரில் விசாரித்தாலும் "அந்தப் பிள்ளை நர்சுக்குப் படிச்சிருக்கு" என்று ஒரு வீட்டைக் காட்டுவார்கள். அந்தப் பிள்ளை தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். இந்த வீடுகளை நீங்கள் ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

புதிதாக இந்தப் பக்கம் வருகிற ஒரு செவிலியர் எப்படி வேலை தேடுகிறார் என்பதை முதலில் சொல்கிறேன். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக வருகிற ஒப்பந்த வேலைக்கு அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் ஒரு பி.டி.எஃப். ஆக ஏறும், செய்தித்தாளில் ஒரு பத்தி வரும். அதைத் தினமும் போய்ப் பார்க்கிறவர்கள் யாரும் இல்லை. யாரோ பார்த்து, யாருக்கோ அனுப்பி, கோணலாக ஸ்கேன் செய்த அந்தப் பக்கம் எங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிறபோது கடைசித் தேதி நாளைக்கு என்று இருக்கும், அல்லது நேற்றோடு முடிந்திருக்கும். விண்ணப்பத்தை ஊட்டிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் அல்லது நேரில் கொடுக்க வேண்டும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கே ஐம்பது கிலோமீட்டர், அதுவும் நடுவட்டம் வழியாக மலை ஏறுகிற பாதை. கூடலூருக்கு இந்தப் பக்கம் பந்தலூரும் சேரம்பாடியும் இன்னும் தள்ளி. ஒரு கவரைக் கொடுக்க ஒரு நாள் போகிறது, கைக்குழந்தை இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பாதையை நம்பவே முடியாது. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஒரு மரமோ நாலு லோடு மண்ணோ ரோட்டில் விழுந்தால் போதும், பஸ் பாதியிலேயே திரும்பிவிடும். "மாலை 5 மணிக்குள் வந்து சேர வேண்டும்" என்ற வரி மட்டும் அப்படியே இருக்கும்.

அடுத்தது முகவரி. ஒரு அலுவலகத்தில் என் ஆதாரைப் பார்த்துவிட்டு "நீங்க வெளி மாவட்டம்மா, உள்ளூர் ஆளுக்குத்தான் முன்னுரிமை" என்று திருப்பி அனுப்பினார்கள். உள்ளூர் ஆளுக்கு முன்னுரிமை என்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான். ஆனால் குடிவந்த ஒருத்தி எப்படி உள்ளூர் ஆளாவது? கூடலூர், பந்தலூர் பக்கம் பெரும்பரப்பு 1969-ஆம் ஆண்டு ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாவது பிரிவில், நிலம் யாருக்கு என்று முடிவாகாமல் சிக்கிக் கிடக்கிறது. இங்கே எல்லோரும் செக்‌ஷன் 17 என்று சொல்வார்கள். தலைமுறையாக இருப்பவர்களுக்கே பட்டா இல்லை, எத்தனையோ வீடுகளுக்குக் கரண்ட் இணைப்பு இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் வாடகைக்கு இருக்கிறவர் கரண்ட் பில்லுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் எங்கே போவார்? வீட்டுக்காரம்மாவே எழுதிக் கொடுக்கப் பயப்படுகிறார். கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து "இந்தக் குடும்பம் இங்கேதான் குடியிருக்கிறது" என்று எழுதித் தந்தால், நியமனத்துக்கு அதுவே போதும் என்று ஒரு உத்தரவு போடுவது அவ்வளவு கஷ்டமா?

சரி, அரசு வேலைதான் வேலையா, தனியாரில் போகலாமே என்பீர்கள். போனேன். பெயர் வேண்டாம், சின்ன மருத்துவமனை. மாதம் ஒன்பதாயிரம் என்றார்கள், ஒரிஜினல் சான்றிதழ்களை அங்கேயே ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். சான்றிதழைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, தற்காலிகமாக ராத்திரி ஷிஃப்ட் மட்டும் பார்த்தேன். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன்பேரில் மத்திய அரசு போட்ட குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது என்று பரிந்துரை செய்தது. பெரிய மருத்துவமனை என்றால் அரசுச் சம்பளத்துக்கு இணையாக. அந்தப் பரிந்துரை மலை ஏறி வரவே இல்லை. வேறு மருத்துவமனை பக்கத்தில் இல்லாததால் பேரம் பேசவும் எங்களால் முடியாது. கீழே ஒரு இடம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும், இங்கே அடுத்தது முப்பது கிலோமீட்டரில்.

அங்கே ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒரு செவிலியர் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் என்ன என்பது கோப்பில் தெரியாது. தேயிலை பறிக்கிற ஒரு அம்மாவைப் பாம்பு கடித்துக் கொண்டுவந்தார்கள். என்ன பாம்பு என்று யாரும் பார்க்கவில்லை. டாக்டர் குவார்ட்டர்ஸிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். செய்ய வேண்டியது எளிமையான ஒன்றுதான்: இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் தொடாமல் ஆட்டாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ஒன்று, தண்ணீராக ஓடினால் இன்னொன்று. ஓடினால் ரத்தத்தில் விஷம் வேலை செய்கிறது, விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். ஆனால் அந்தக் குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் நல்ல ரத்தம்கூட உறையாமல் ஏமாற்றும், பிளாஸ்டிக் குழாயில் வைத்தாலும் அதே கதை. அங்கே இருந்த உதவியாளப் பெண் நல்ல பிள்ளை, சுறுசுறுப்பான பிள்ளை, ஆனால் அவளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்த குழாயைத்தான் எடுத்து நீட்டினாள். இன்னொன்றும் உண்டு. நம்மிடம் இருக்கிற விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும்தான். இந்தத் தோட்டங்களில் இருக்கிற குழிவிரியன் வகைகளுக்கு அது கேட்காது. அதனால் மருந்தை ஏற்றிவிட்டு விட்டுவிட முடியாது, பக்கத்திலேயே உட்கார்ந்து ஈறில் ரத்தம் கசிகிறதா, மூத்திரம் எவ்வளவு போகிறது, கண் இமை சொருகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். இப்போதும் சந்தையில் பார்த்தால் "சிஸ்டரம்மா" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்த ராத்திரி பயிற்சி பெற்ற ஒருத்தி அங்கே இருந்தது தற்செயல். அதைத் தற்செயலாக விடாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

எல்லை தாண்டிப் போகலாமே என்றும் பலர் சொன்னார்கள். எங்களுக்கு ஊட்டியைவிடச் சுல்தான் பத்தேரி பக்கம். நோயாளிகள் ஏற்கெனவே அங்கேதான் போகிறார்கள், முடியாத கேஸ் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜுக்குப் போகிறது. ஆனால் தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த நான் கேரளத்தில் வேலை பார்க்க அந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிவு செய்ய வேண்டும். அதற்கான தடையில்லாச் சான்றுக்கு எல்லாம் சென்னையோடுதான் பேச வேண்டும். என்னோடு இருந்த ஒரு தங்கச்சி அப்படிச் செய்து போய்விட்டாள். நல்ல சம்பளம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம்முடைய ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருக்கிற ஒரு செவிலியர் தினமும் விடிகாலையில் பஸ் ஏறி வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறார் என்றால், ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கு என்ன அர்த்தம்?

இப்போது ஒப்பந்தம் பற்றி. பதினோரு மாதம், தொகுப்பூதியம், அப்புறம் நீட்டித்தாலும் நீட்டிக்கலாம். இந்த வார்த்தைகளைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் பயப்படுகிறார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வெழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் ஆகும் என்று நம்பியவர்கள் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் கூட்டமாக உட்கார வேண்டி வந்தது. கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த ஒப்பந்தச் செவிலியர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள், அவர்களும் ரோட்டுக்கு வந்துதான் பேச வேண்டியிருந்தது. சமவெளியில் ஒப்பந்தம் முடிந்தால் வேறு இடம் தேடிக்கொள்ளலாம். மலையில் முடிந்தால் முடிந்ததுதான். அதோடு நிரந்தர ஊழியர்களுக்கு மலைப்படி, குளிர்காலப்படி உண்டு. தொகுப்பூதியத்தில் இருக்கிற செவிலியர் அதே குளிரில் அதே வார்டில் நிற்கிறார், அவருக்கு எதுவும் இல்லை. இந்தியப் பொது சுகாதாரத் தரக் குறியீட்டில் சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மலையில் 20,000 பேருக்கே ஒன்று வேண்டும், துணை சுகாதார நிலையம் 5,000-க்குப் பதில் 3,000 பேருக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். மலை வேறு என்பது கட்டடத்துக்குத் தெரிந்திருக்கிறது, அதே கணக்கைச் செவிலியரின் ஊதியத்துக்கும் பார்க்கலாமே.

கீழேயிருந்து போஸ்டிங் வாங்கி வருகிற சகோதரிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, இதை அழுத்திச் சொல்கிறேன். மாநிலம் முழுக்க ஒரே தரவரிசை, ஒரே கலந்தாய்வு. அதில் திருவாரூர்க்காரப் பெண்ணுக்குப் பந்தலூர் விழுகிறது. வாடகைக்கு வீடு இல்லை, இருக்கிற வீட்டையெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டார்கள். காலை ஷிஃப்டுக்கு இருட்டில் கிளம்பினால் வழியில் யானை நிற்கிறது, யானை நகர்கிற வரைக்கும் காத்திருந்துதான் போக வேண்டும். வார்டில் பாதிப் பேர் மலையாளம், பணியர் என்கிற ஆதிவாசி வீட்டு அம்மாவிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். அந்தப் பெண் ஊருக்கு மாறுதல் கேட்காமல் என்ன செய்வாள்? அதே கலந்தாய்வில் பந்தலூர்க்காரப் பிள்ளைக்குத் தரவரிசை கொஞ்சம் பின்னால் போனால் ராமநாதபுரம் கிடைக்கிறது. இரண்டு பேரும் மாறுதலுக்கு அலைகிறார்கள். இரண்டு ஊரிலும் நோயாளி காத்திருக்கிறார்.

உள்ளூரில் இருப்பவர்களை வைத்து நடத்த முடியுமா என்ற சந்தேகம் இருந்தால் தூரம் போக வேண்டாம், கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையைப் பாருங்கள். அஸ்வினி அமைப்பு 1990-இல் அதைத் தொடங்கியபோது, பெரிதாகப் பள்ளிப்படிப்பு இல்லாத ஆதிவாசிப் பெண்களையே வார்டு வேலையிலிருந்து பிரசவம் வரைக்கும் பழக்கிச் செவிலியர்களாக்கினார்கள். தங்கள் பாஷையில் பேசுகிற, தங்கள் வீட்டுப் பிள்ளை இருக்கிற இடம் என்றால் ஜனங்கள் தயங்காமல் வருகிறார்கள். இந்தப் பக்கத்து ஆதிவாசி மக்களிடையே பரம்பரையாக வருகிற சிக்கிள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு நாள் ஊசியில் தீர்கிற நோய் இல்லை, பிள்ளையை வருஷக்கணக்காகப் பின்தொடர வேண்டும், குளிர்காலத்தில் வலி வந்தால் எப்படிச் சூடாக வைப்பது, எவ்வளவு தண்ணீர் கொடுப்பது, எப்போது தூக்கிக்கொண்டு ஓடி வருவது என்று வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். 2023 ஜூலையில் இதற்கென்று தேசிய இயக்கமே தொடங்கியிருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவமும் 2021-லிருந்து வீட்டு வாசலுக்குத்தான் போகிறது. இந்த வேலையெல்லாம் அடுத்த வருஷமும் அதே ஊரில் இருக்கப்போகிற ஆளால்தான் ஆகும்.

என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எங்களை எண்ணுங்கள். பதிவு பெற்ற ஒவ்வொரு செவிலியருக்கும் தேசிய அளவில் ஒரு தனி எண் கொடுத்துப் பதிவேடு வைத்திருக்கிறார்கள், 2023-இல் வந்த தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டமும் இணையவழிப் பதிவேட்டைத்தான் சொல்கிறது. ஆனால் அதில் என் முகவரி படிக்கிற காலத்தில் கொடுத்த முகவரி. அதனால் பதிவேட்டை மட்டும் நம்பாமல் கிராம சுகாதாரச் செவிலியர்களைக் கேளுங்கள், எந்த வீட்டில் யார் நர்சிங் படித்திருக்கிறார் என்று அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆறு வட்டத்துக்கும் ஒரு பட்டியல் போட்டுவிடலாம். அப்புறம் காலியிடம் வந்தால் ஊட்டியில் மட்டும் ஒட்டாமல் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துப் பலகையிலும் ஒட்டுங்கள், பட்டியலில் இருக்கிறவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். விண்ணப்பத்தைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மலை வட்டங்களின் காலியிடங்களுக்கு அங்கேயே குடியிருப்பவர்களுக்கு, அவர்கள் பிறந்த ஊர் எதுவாக இருந்தாலும், கலந்தாய்வில் முதல் வாய்ப்பு கொடுங்கள். பதிலுக்கு ஐந்து வருடம் மாறுதல் கேட்கமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறோம். ஒப்பந்தம்தான் என்றால் மூன்று வருடமாவது போடுங்கள், மலைப்படியைச் சேர்த்துக் கொடுங்கள். முழு நேரம் வர முடியாத கைக்குழந்தைக்காரிகள் இருக்கிறார்கள், இரண்டு பேர் ஒரு பணியிடத்தைப் பகிர்ந்து வாரத்தில் மூன்று மூன்று ராத்திரி பார்க்கிற ஏற்பாட்டுக்கு விதியில் இடம் வையுங்கள். சில வருடம் வேலையை விட்டு இருந்தவர்களுக்கு மாவட்டத்திலேயே பயிற்சி கொடுக்கலாம். ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புது மெடிக்கல் காலேஜ் மருத்துவமனை திறந்தாகிவிட்டது, ஒரு மாதம் அங்கே வார்டில் நின்றால் கை பழகிவிடும். அந்த மருத்துவமனை வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, ஒன்றே ஒன்று கேட்கிறோம்: அங்கே ஆள் குறைந்தால் எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் சிஸ்டரை மாற்றுப்பணியில் தூக்கிவிடாதீர்கள்.

புதிதாக இந்தப் பக்கம் குடிவருகிற செவிலியர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வருவதற்கு முன்பே பழைய இடத்தில் பணி அனுபவச் சான்றை லெட்டர்ஹெட்டில் தேதியோடு வாங்கிவிடுங்கள், மேலே வந்த பிறகு போன் போட்டால் எடுக்கமாட்டார்கள். கவுன்சில் பதிவு காலாவதி ஆகாமல் பாருங்கள். ஒரிஜினலை எங்கேயும் ஒப்படைக்காதீர்கள். அரசு அறிவிப்புக்குக் காத்திருக்கிற நேரத்தில் டிரஸ்ட் மருத்துவமனைகள், எஸ்டேட் மருத்துவமனைகள், விடுதிப் பள்ளிகளின் சிக் ரூம், முதியோர் இல்லம் என்று நேரில் போய்க் கேளுங்கள். இங்கே பாதி வேலை பேப்பரில் வராது, கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

அதிகாரிகளுக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த நேர்காணலைக் கூடலூரில் வையுங்கள், தேதியைப் பத்து நாள் முன்னாடி சொல்லுங்கள். மழைக்காலம் வேண்டாம்.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டத்தில் குடியிருக்கும் ஒரு செவிலியர்